தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமல்ல!

மலையில் பிறக்கும் கிள்ளான் ஆறு, கோலாலம்பூர் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர் ஓடிக் கடலைச் சேருகிறது. வழியெல்லாம் சாக்கடையும், பட்டறை எண்ணெயும், கடைக் குப்பையும் அதில் கலக்கின்றன.

சுற்றுச்சூழல் இலாகா பிராணவாயு, அம்மோனியா, வண்டல் முதலிய 6 சோதனைகள் செய்து, ஆற்றுநீருக்கு மதிப்பெண் போட்டு, 5 வகுப்பாகப் பிரிக்கிறது. அந்த 6-இல் கிருமிச் சோதனை இல்லை!

ஆற்றில் குளிப்பதும் மீன் பிடிப்பதும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கம். பட்டணத்துக்குப் போனாலும் அதே ஆசைதான். "தண்ணி தெளிவாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள், தாய்மார்களே! எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம், உயிருக்கே ஆபத்து.

ஆற்றில் இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், உடல்வலி கண்டால் உடனே கிளினிக் செல்லுங்கள். ஆற்றில் இறங்கியதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.