குரூப்புக்குப் பூட்டு எதுக்கு?

உங்க மொபைல்ல எத்தனை வாட்ஸ்அப் குரூப் இருக்கு? அதுல எத்தனை குரூப்ல, ஊர், பால், சாதின்னு ஏதோ ஒரு அடையாளம் இருந்தாத்தான் சேர முடியும்? இப்படிப் பூட்டு போட்ட குழுக்கள் ஆட்களைச் சேர்க்குதா, ஒதுக்குதா? கணினித் துறையிலேயே இதுக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கு.

1987-ல் அமெரிக்காவில், இயங்குதளங்கள் பற்றிய ஒரு மாநாடு. வந்திருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவரான அனிதா போர்க், ‘சிஸ்டர்ஸ்’ என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். கணினித் துறைப் பெண்களுக்கு மட்டுமே அனுமதி. ‘ஆண்களை ஒதுக்குவது நியாயமா?’ என்ற கேள்வியும் கூடவே வந்தது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆபீஸ்ல ஐம்பது ஆண்கள், ஒரே ஒரு பெண். ஆண்கள் மட்டும் தனி குரூப் வெச்சா, அந்தப் பெண்ணுக்கு வேலை பற்றிப் பேசவே ஆள் இல்லை. அந்தப் பெண் வெளியூர்ப் பெண் பொறியாளர்களோட தனியாப் பேசினா, ஐம்பது பேருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. பூட்டு ஒண்ணுதான், விளைவு வேற.

போர்க் பூட்டுக்குள்ளேயே நின்றுவிடவில்லை. 1994-ல் டெல் விட்னியுடன் சேர்ந்து, கணினித் துறைப் பெண்களுக்காக கிரேஸ் ஹாப்பர் பெயரில் ஒரு மாநாட்டைத் தொடங்கினார். அதில் ஆண்களும் கலந்துகொள்ளலாம். ஆனால் 2023-ல் ஆர்லாண்டோவில் அது நடந்தபோது, அங்கிருந்த வேலைவாய்ப்புக் கண்காட்சிக்காக ஆண்கள் பெருமளவில் வந்தனர். சிலர் பதிவின்போது பாலினத்தைப் பொய்யாகக் குறித்ததாக அமைப்பாளர்களே வருத்தப்பட்டனர். அப்போ கதவை முழுசாத் திறந்தாலும் சிக்கல்தான். சரி, அடையாளத்தைச் சோதிச்சு உள்ளே விடலாமா? அந்தச் சோதனையில முதல்ல அடிபடுறது திருநர்களா இருக்கலாம்.

இப்போ நம்ம கேம்பஸுக்கு வருவோம். விடுதியில பாதுகாப்பு, பாலியல் தொல்லை, சாதிக் கிண்டல் பற்றி மனசுவிட்டுப் பேச ஒரு மூடிய குரூப் இருந்தா, அது பலரைப் படிப்பை விடாம காப்பாத்தும். ஆனா சீனியர்கள் அனுப்புற பிளேஸ்மென்ட் கேள்விகளும் இன்டர்ன்ஷிப் தகவலும் ஒரே ஊர்க்காரங்க, ஒரே சாதிக்காரங்க குரூப்லயே சுத்தினா? குடும்பத்துலயே முதல் ஆளா கல்லூரிக்கு வந்தவருக்கு, அப்படி ஒரு தகவல் இருக்குறதே தெரியாது.

அதனால அட்மின்களே, ஒரு விஷயத்தை மட்டும் பாருங்க: உள்ளே இருக்கிறது வலியா, வாய்ப்பா? வலியைப் பேசப் பூட்டு தேவை. வாய்ப்பை எல்லோருக்கும் ஃபார்வர்டு பண்ணிடுங்க.