பன்றிக்குட்டிகளின் கழிச்சலுக்கு ஒரு வைரஸ் மருந்து

பால்குடி மறக்கும் வாரம்தான் பன்றிக்குட்டிக்குக் கண்டம். ஐரோப்பியப் பண்ணைகளில் பெரும்பாலும் நான்கு வார வயதிலேயே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். பாலோடு வந்த நோய் எதிர்ப்பு நின்றுபோகிறது. தீவனமும் புதிது, கொட்டிலும் புதிது. அந்த நேரம் பார்த்து ஈ.கோலை பாக்டீரியா குடல்சுவரில் ஒட்டி நச்சைச் சுரக்கிறது. குட்டி தண்ணீராய்க் கழிந்து, உடல் வற்றிச் செத்தும் போகும்.

இதைத் தடுக்கத் தீவனத்தில் அதிக அளவில் கலந்துவந்த துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. சாணத்தோடு போய் அது மண்ணில் தங்குகிறது. இதே கழிச்சலுக்குக் கொடுத்துவந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கின் கதை இன்னும் மோசம். மனிதருக்குக் கடைசிக் கையிருப்பான அந்த மருந்தை முறியடிக்கும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. சீனப் பன்றிகளிடம் அது இருப்பது 2015இல் தெரியவந்தது.

இந்த நிலையில்தான் ஃபேஜ்கள் பக்கம் மீண்டும் பார்வை திரும்பியிருக்கிறது. இவை பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் வைரஸ்கள். பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு, மரபணுவை உள்ளே செலுத்திப் பல்கிப் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளிவரும். பொருந்தாத பாக்டீரியாவைத் தொடாது. குடலின் நல்ல நுண்ணுயிர்கள் பிழைத்துக்கொள்ளும். ஃபெலிக்ஸ் டெரெல் 1917இல் பாரிஸிலிருந்து பாக்டீரியோஃபேஜ் என்ற பெயரோடு இவற்றை அறிவித்தார்.

இங்கிலாந்தின் ஹௌட்டன் ஆய்வுநிலையத்தில் வில்லியம்ஸ் ஸ்மித்தும் ஹக்கின்ஸும் செய்து 1983இல் வெளியிட்ட சோதனையை இன்று படித்தாலும் வியப்பு அடங்கவில்லை. ஈ.கோலை கொடுத்து நோயுறச் செய்த குட்டிகளின் கழிச்சல் ஃபேஜால் குணமானது. சில பாக்டீரியாக்கள் ஃபேஜுக்குத் தப்பவும் செய்தன. எப்படி? ஃபேஜ் பற்றிக்கொள்ளும் மேலுறையையே உதறிவிட்டன. ஆனால் அந்த மேலுறைதான் அவற்றின் பலம். அதை இழந்தவை முன்போல் நோயுண்டாக்க முடியாமல் தளர்ந்துபோயின. ஆன்டிபயாடிக்கிலிருந்து தப்பும் பாக்டீரியா பெரும்பாலும் இவ்வளவு பெரிய விலை கொடுப்பதில்லை.

பொருந்தும் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் குணத்தில்தான் ஃபேஜின் சிக்கலும் இருக்கிறது. ஒரு பண்ணையின் ஈ.கோலையை அழிக்கும் ஃபேஜ், பக்கத்துப் பண்ணையில் உள்ள வேறு வகையைத் தொடாமலே விடலாம். அதனால் பல ஃபேஜ்களைக் கலந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கலவையையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். போதாக்குறைக்கு இரைப்பை அமிலமும் ஃபேஜைச் சிதைக்கும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகக் குழு நுண்ணிய உறைக்குள் ஃபேஜ்களை அடைத்துக் கொடுத்து, 2010இல் பன்றிக் குடலில் சால்மோனெல்லா என்ற வேறொரு பாக்டீரியாவைக் குறைத்துக் காட்டியது. அவர்கள் குறிவைத்தது இறைச்சிக்கூடத்துக்கு முந்தைய சில மணி நேரத்தை. பல பண்ணைப் பன்றிகளை ஒரே பட்டியில் அடைத்துவைக்கும்போதுதான் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கிருமி பரவுகிறது.