‘மாக்னிபை’ என்னும் சொல்

வகுப்பில் ஓர் ஆங்கில உரைப்பகுதியை மொழிபெயர்க்குங்கால், கடவுளை ‘மாக்னிபை’ செய்வோம் என்னும் பொருள்பட வந்த வாக்கியத்தைக் ‘கடவுளைப் பெரியவராக்குவோம்’ என யாம் எழுதினோம். ஆசிரியர் புன்னகையுடன், “அதற்கு முன் அவர் சிறியவராயிருந்தாரோ?” என வினவினார். விடையறியாது தலைகுனிந்த யாம், அன்றே இச்சொல்லின் வரலாற்றை ஆராயப் புகுந்தோம்.

பெரியது, செய்தல் என்னும் பொருளுடைய இரண்டு இலத்தீன் சொற்களின் சேர்க்கையே இதன் மூலம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்திற் புகுந்தபொழுது இது புகழ்தல், மேன்மை சாற்றுதல் என்னும் பொருள்களையே தந்தது. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், லூக்கா சுவிசேஷத்து மரியாளின் பாடல் இச்சொல்லையே ஆள்கின்றது. அவ்விடத்துத் தமிழ் வேதாகமம் மகிமைப்படுத்துதல் என்று கூறுவது சாலப் பொருத்தமே.

கண்ணாடியாற் பெரிதாகக் காட்டுதல் என்னும் பொருளோ 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. இராபர்ட் ஹூக் என்பார் பூதக்கண்ணாடியிற் கண்ட தெள்ளுப்பூச்சி முதலியவற்றை வரைந்து 1665இல் நூலாக வெளியிட்டார். ஒல்லாந்து தேசத்துத் துணிவணிகராகிய லேவன்ஹூக், தாமே தேய்த்தமைத்த சிறு வில்லைகளால் நீரில் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டு, 1676இல் இலண்டன் அரச கழகத்திற்கு எழுதினார். அவர் செய்தனவாக இன்று எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று ஏறத்தாழ 270 மடங்கு பெருக்கிக் காட்டுவதாம்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. வில்லை அவ்வுயிர்களை அணுவளவும் வளர்த்திலது. காண்பார் காட்சியையே வளர்த்தது. துதியும் அத்தகையதே. அது கடவுளைப் பெரியவராக்குவதில்லை. அவர் பெருமையை நம் உள்ளத்திற்குப் புலப்படுத்துகின்றது. ஆகவே இருபொருளும் ஒருபொருளின் கிளைகளே எனத் துணிந்தோம்.

இனி, மூன்றாவதொரு பொருளும் உண்டு. அது துரும்பைத் தூணாக்கிக் கூறுதல். இதனை விளக்கவும் பூதக்கண்ணாடியே துணைபுரிகின்றது. சாதாரண ஒளியைக் கொண்டு காட்டும் கருவியில், ஏறத்தாழ 1,500 மடங்கிற்கு மேற் பெருக்கினால் உருவம் பெரிதாகுமேயன்றிப் புதிய நுட்பம் யாதும் தோன்றாது, மங்கலே மிகும். அறிவியலார் இதனை வெற்றுப் பெருக்கம் என்பர்.

எம் மாணவர் கழகக் கூட்டங்களில் வருவோரையெல்லாம் கடலென்றும் மலையென்றும் யாம் புகழ்கின்றோம். அவர்தம் உண்மையான குணமொன்று அவையோர்க்குப் புலப்பட்டதுண்டோ? அன்றி மங்கல்தான் மிகுந்ததோ? ஆசிரியர் அன்று வினவிய வினா, மொழிபெயர்ப்பிற்கு மட்டும் உரியதன்று என இப்பொழுது உணர்கின்றோம்.