நிலக்கரிக்கு விடை தந்த நாடு

நிலக்கரியை எரித்தால் மின்சாரம் கிடைக்கும். புகையோடு கரியமில வாயுவும் வெளியேறும். அது பெருகினால் பூமி சூடாகும்.

1990-இல் பிரிட்டன் நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரி தந்தது. 2024 செப்டம்பர் 30-இல் அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது.

இது எப்படி நடந்தது?

முதலில் எரிவாயுவில் மின்சாரம் எடுத்தார்கள். அதில் கரியமில வாயு குறைவு. 2008-இல் அந்த வாயுவைக் குறைக்கச் சட்டம் வந்தது. 2013-இல் மின்நிலையம் எரிக்கும் நிலக்கரிக்கு வரி கூடியது. கடலில் காற்றாலைகள் எழுந்தன. பல ஆலைகளும் மூடப்பட்டன. அந்தப் பொருள்கள் வெளிநாட்டிலிருந்து வந்தன.

1990-இல் வெளியேறிய கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதிதான் 2023-இல் வெளியேறியது.

ஆனால், சுரங்கங்கள் மூடியதால் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஊர்கள் வாடின.

புகை குறைய வேண்டும். உழைப்பவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும். இரண்டுக்கும் வழி என்ன? சிந்திப்போம்.