சீசன் டிக்கெட்டில் ஒரு டைம் டிராவல்!

கேரவன்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்டுல ஹீரோ ஏறி உட்கார்ந்துக்கிற ஏ.சி. வண்டி! அமெரிக்காவில் அந்த மாதிரி வண்டியை சாதாரணக் குடும்பங்களே வச்சிருக்காங்க பாஸ். உள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும். லீவு விட்டா போதும், அதை ஓட்டிக்கிட்டு கொலராடோ, நியூ மெக்சிகோ பக்கம் வறண்ட பூமிக்குக் கிளம்பிடுவாங்க. பியூப்ளோ பழங்குடிகளோட முன்னோர்கள் விட்டுட்டுப் போன ஊர்களைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

கொலராடோவில் மேசா வெர்டேன்னு ஒரு இடம். செங்குத்தான பாறையோட இடுக்கில், சுமார் 150 அறைகளோட ஒரு குட்டி ஊரையே கட்டி வச்சிருக்காங்க. 13-ம் நூற்றாண்டோட கடைசியில் மழை பொய்த்துப்போக, ஜனங்க தெற்கே நகர்ந்துட்டாங்க. அவங்க வாரிசுகளான ஹோப்பி, சூனி மக்கள் இன்னைக்கும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் இருக்காங்க. ஆக, அந்த இடிபாடுகளோட வயசு கிட்டத்தட்ட 800 வருஷம்.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். தாம்பரத்தில் பீச் ட்ரெயின் ஏறுங்க. சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். மூணே ஸ்டேஷன். அங்கே மண்ணுக்குள்ள கிடைச்ச ஒரு சவப்பெட்டிக்கு வயசு 2,300 வருஷம்! கேரவன் வேண்டாம், விசா வேண்டாம். பாக்கெட்டில் இருக்கிற சீசன் டிக்கெட் போதும். ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா?

ஸ்டாப் 1: பல்லாவரம்

1863, மே 30. கத்திரி வெயில் காலம். ராபர்ட் புரூஸ் ஃபூட்னு 28 வயசு இளைஞர், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர், பல்லாவரம் ராணுவ மைதானத்துக்குப் பக்கத்தில் சரளை தோண்டின பள்ளத்தில் ஒரு கல்லைப் பார்த்தார். நாமளா இருந்தா காலால எத்திட்டுப் போயிருப்போம். அவர் குனிஞ்சு எடுத்தார். மனுஷன் கையால செதுக்கின கோடரி அது! இந்தியாவில் ஆதி மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கினது அந்த ஒரு கல்லில் இருந்துதான்னு சொல்வாங்க. அதே வருஷம் ஃபூட்டும் அவரோட சகா வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கல் கருவிகளைக் கண்டுபிடிச்சாங்க. அங்கே கிடைக்கிற பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவைன்னு 2011-ல் வெளியான ஆய்வு சொல்லுது.

அடுத்தது அந்த சவப்பெட்டி மேட்டர். பாத் டப் மாதிரி நீளமா, அடியில் வரிசையா குட்டிக் குட்டிக் கால்களோட, சுட்ட மண்ணால் செஞ்சது. பேரு ஈமப்பேழை. 1880-களில் தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ பல்லாவரம் மேட்டில் இந்த மாதிரிப் புதைகுழிகளைத் தோண்டி எடுத்தார். பின்னாடி நம்ம காலத்திலும் ஜமீன் பல்லாவரத்தில் ஒண்ணு கிடைச்சது. அந்த வட்டாரத்தில் இன்னைக்குப் பெரும்பாலும் வீடுங்கதான். யார் வீட்டு சம்ப்புக்கு அடியில் யார் தூங்கறாங்களோ!

பல்லாவரம் மலைச்சரிவில் ஒரு குடைவரையும் இருக்கு. 7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைஞ்சது. அவனோட பட்டப்பெயர்களைக் கல்லில் வெட்டி வச்சிருக்காங்க. இப்போ அது தர்காவா இருக்கு. செருப்பைக் கழட்டி வச்சுட்டு, அமைதியா பார்த்துட்டு வாங்க. மலையில் தடை போர்டு இருக்கிற பக்கம் மட்டும் எட்டிப் பார்க்காதீங்க.

அந்த மலைப்பாறைக்கே ஒரு கதை உண்டு. கொல்கத்தாவோட பேரில் அடிபடுற ஜாப் சார்னாக் ஞாபகம் இருக்கா? அவரோட கல்லறைக் கல் இந்த வகைப் பாறைதான். அதனால் தாமஸ் ஹாலந்துங்கிற நிலவியலாளர் 1893-ல் இதுக்கு 'சார்னகைட்'னு பேர் வச்சார். நம்ம ஏரியா பாறை, உலகம் பூரா ஜியாலஜி புத்தகத்தில் இருக்கு!

ஸ்டாப் 2: எழும்பூர்

அதே ட்ரெயின், அதே ரூட். எழும்பூரில் இறங்கி அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்க. ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கல் கருவிகள் இங்கேதான் வந்து சேர்ந்தது. பல்லாவரம் ஈமப்பேழையும் இங்கேதான் இருக்கு. வெள்ளிக்கிழமை லீவு, ஜாக்கிரதை.

பேழை முன்னாடி நிற்கும்போது புறநானூற்றில் வர்ற ஒரு பெண்ணை நினைச்சுக்குங்க. வழியிலேயே கணவனை இழந்தவள் அவள். ஊருக்குத் தாழி செய்யற குயவரைக் கூப்பிட்டு, 'எனக்கும் சேர்த்து இடம் இருக்கிற மாதிரி அகலமா செய்யுங்க'ன்னு கேட்கறா. எக்ஸாமுக்குப் படிக்கும்போது வெறும் ரெண்டு மார்க் கேள்வி. பேழையைப் பக்கத்தில் பார்த்த பிறகு அப்படித் தோணாது.

ஸ்டாப் 3: சிறுதாவூர்

இது பைக் டிரிப். வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம், அங்கேயிருந்து திருப்போரூர், அதைத் தாண்டினா சிறுதாவூர். செம்மண், சரளை, முள்ளுப் புதர், தூரத்தில் கரட்டு மலைன்னு கிட்டத்தட்ட கௌபாய் பட லொகேஷன். நடுவில் வட்டமா நட்டு வச்ச மாதிரி பெரிய பெரிய பாறைக் கற்கள். இதுதான் கல்வட்டம். உள்ளே கற்களைக் குவிச்சு மூடியிருப்பாங்க. அதுக்கும் கீழே தாழியோ பேழையோ கற்பலகைகளால் கட்டின அறையோ இருக்கும். கூடவே இறந்தவருக்கான பானைகளும் இரும்புக் கருவிகளும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரம் முழுக்க இந்த மாதிரி இடங்கள் ஏராளம். மதுராந்தகம் பக்கம் சானூரில் 1950-லும் 1952-லும் தொல்லியல் துறை தோண்டினப்போ பேழைகளும், கறுப்பு-சிவப்புப் பானைகளும், இரும்புப் பொருட்களும் வெளியே வந்தது. ஒரு விஷயம் கவனிச்சீங்களா? சுடுகாட்டுக்கு அவங்க பெரும்பாலும் எடுத்தது விவசாயத்துக்கு ஆகாத சரளை மேட்டைத்தான். நல்ல வயலை உயிரோட இருக்கிறவங்களுக்கு விட்டுட்டாங்க.

ஸ்டாப் 4: சாளுவன்குப்பம்

அப்படியே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தா, மாமல்லபுரத்துக்கு முன்னாடி புலிக்குகை. அதுக்குப் பக்கத்தில் மணலுக்கு அடியில் இருந்து எழுந்து வந்த ஒரு முருகன் கோயில். 2004 சுனாமி மணலை அரிச்சுக்கிட்டுப் போனதும், கல்வெட்டு இருக்கிற பாறை ஒண்ணு வெளியே தெரிஞ்சது. 2005-ல் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பிச்சது. பல்லவர் காலக் கோயில் கிடைச்சது. அதுக்கும் கீழே, அதைவிடப் பழைய செங்கல் கோயில்! சங்க காலத்தைச் சேர்ந்ததுன்னு அகழாய்வாளர்கள் கணிக்கிறாங்க. கோயிலுக்கு முன்னாடி கல்லால் செஞ்ச வேல் நின்னது. அத்தனை வருஷம் அதைப் பத்திரமா பார்த்துக்கிட்டது அந்த மணல்தான்.

ஒரு நெல்மணியோட சாட்சி

இப்போ கொஞ்சம் சீரியஸா பேசலாம்.

மேசா வெர்டேவுக்கு 1891-ல் ஸ்வீடன் நாட்டு இளைஞர் ஒருத்தர் போனார். பேரு குஸ்தாவ் நோர்டன்ஷோல்ட். தோண்டினார், எலும்பு, பானைன்னு கிடைச்சதையெல்லாம் பெட்டி பெட்டியா ட்ரெயினில் ஏத்தினார். ஊர் ஜனங்க கொதிச்சுப்போய் அவரைக் கைது செய்ய வச்சாங்க. ஆனா, தண்டிக்கச் சட்டமே இல்லை! பெட்டிகள் கடல் தாண்டிப் போய், கடைசியில் ஃபின்லாந்து மியூசியத்தில் சேர்ந்தது. அதுக்கப்புறம் 1906-ல் அமெரிக்கா பழஞ்சின்னங்களைக் காக்கச் சட்டம் போட்டது. அதே வருஷம் மேசா வெர்டேவும் தேசியப் பூங்கா ஆச்சு. சுமார் 20 பேரோட எலும்புகளும், அவங்களோட புதைச்ச பொருட்களும் 2020-லதான் சொந்த மண்ணுக்குத் திரும்பி, மறுபடி அடக்கம் செய்யப்பட்டது. 129 வருஷம் ஆகியிருக்கு!

நம்ம கதையும் கிட்டத்தட்ட அதேதான். ஆதிச்சநல்லூரில் 1876-ல் தோண்டின யாகோர்ங்கிற ஜெர்மானியர், கிடைச்சதை பெர்லினுக்குக் கொண்டு போய்ட்டார்.

ஆனா இன்னைக்கு நம்ம ஊர் கல்வட்டங்களைக் கப்பல் ஏத்த வெளிநாட்டுக்காரர் யாரும் வர வேண்டியதில்லை. ஒரு பொக்லைன் போதும். பார்க்க வெறும் கல்தானே! அஸ்திவாரத்துக்கு ஆச்சு, க்ரஷருக்கு ஆச்சு, ப்ளாட் போட இடம் சமமாச்சு. மேசா வெர்டேவில் இருக்கிறது மாடி மாடியா நிற்கிற ஊர். யார் பார்த்தாலும் பழசுன்னு தெரியும். கல்வட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதைத் தெரிஞ்ச கண்ணுக்கு மட்டும்தான் அது கல்வட்டம். தெரியாத கண்ணுக்கு இடைஞ்சல்.

'பழைய பானை உடைஞ்சா என்ன குடி முழுகிடும்?'னு கேட்கறீங்களா? தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள்ள மண்ணோட நெல்மணிகள் கிடைச்சது. அதை லேபுக்கு அனுப்பிப் பார்த்தா, கி.மு. 1155! பொருநை நாகரிகத்துக்கு 3,200 வருஷ வயசுன்னு 2021-ல் தமிழக அரசு அறிவிச்சது அந்த நெல்லை வச்சுத்தான். ஆர்வக்கோளாறில் எவனாவது ஒருத்தன் அந்தத் தாழியை முன்னாடியே கிளறியிருந்தா? நெல் இருந்திருக்கும், ஆனா அதோட சாட்சி செல்லாது. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எது பக்கத்தில் இருந்ததுங்கிறதுதான் சாட்சியே.

அதனால, பார்க்கிறது ஓகே. கிளறுறது, எடுத்துட்டு வர்றது, பாறையில் 'ஐ லவ் யூ ப்ரியா' எழுதறது எல்லாம் நோ! பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். அதைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டடம் கட்டக்கூடாது. மண்ணுக்குள்ள பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைச்சா கலெக்டருக்குத் தகவல் சொல்லணும்னு 1878-லேயே சட்டம் இருக்கு.

கிளம்பறதுக்கு முன்னாடி...

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெஸ்ட். மே மாசம் ஃபூட் போனார்னு நீங்களும் போகாதீங்க, மண்டை காய்ஞ்சிடும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, ஷூ கட்டாயம். புதருக்குள்ள பாம்பு, தேள் இருக்கும். தனியா போக வேண்டாம். வீட்டில் சொல்லிட்டுப் போங்க. ஊருக்குள்ள நுழைஞ்சதும் டீக்கடையில் ஒரு பெரியவர்கிட்ட, 'ஐயா, இங்கே வட்டமா கல்லு இருக்குமாமே?'ன்னு கேளுங்க. கூகுளுக்குத் தெரியாத வழி அவருக்குத் தெரியும்.

முக்கியமா, போன இடத்தில் கல்வட்டத்தைப் பார்த்தா போட்டோ எடுங்க. ஊர் பேர், தேதி, எத்தனை கல், போர்டு இருக்கா இல்லையான்னு ஒரு நோட்டில் எழுதுங்க. போர்டு இல்லாத இடமா இருந்தா தொல்லியல் துறைக்கு ஒரு லெட்டர் போடுங்க. உங்க காலேஜில் ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் இருந்தா அங்கேயும் ஒரு காப்பி கொடுங்க. அடுத்த வருஷம் உங்க ஜூனியர்ஸ் அதே நோட்டோட போய், கல்லை எண்ணிப் பார்க்கட்டும்.

எண்ணிக்கை குறைஞ்சிருந்தா, அதைக் கேட்க ஊரில் நாலு பேராவது இருக்கணும் இல்லையா? அந்த நாலு பேர் நம்ம பெஞ்சில் இருந்தே கிளம்பட்டுமே!