உஷார்! குடியிருப்பவருக்கே வீட்டை விற்கிறீர்களா?

"வெளியாளுக்கு எதுக்குங்க, குடியிருக்கிற நீங்களே வாங்கிக்குங்க. பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க, பத்திரம் முடியிற வரைக்கும் வாடகை கட்டுங்க." பல வீட்டுக்காரர்கள் இப்படிப் பேசி முடித்து, கிரய ஒப்பந்தம் போட்டு, சில லட்சங்களை அட்வான்ஸாக வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் தவணை நிற்கும், வாடகையும் நிற்கும். போய்க் கேட்டால், "நான் இப்ப வாடகைக்கு இல்ல சார், வீட்டை வாங்கப்போறவன்" என்று பதில் வரும்.

வாய்ச்சவடால் என்று நினைக்காதீர்கள். இந்த வாதம் நீதிமன்றத்தில் ஜெயித்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. விலையில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போட்டதும் வாடகை உறவு முடிந்துவிட்டது. வாடகை பாக்கி என்று வெளியேற்ற முடியாது என்றது. 2019-ல் வேறொரு வழக்கில், உறவு முடிந்ததா தொடர்கிறதா என்பதை ஒப்பந்த வாசகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்றது.

ஆகவே, "கிரயப் பத்திரம் பதிவாகும் வரை இவர் வாடகைதாரராகவே இருப்பார், வாடகை வேறு, கிரயத் தொகை வேறு" என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் வருடக்கணக்கில் சிவில் கோர்ட்டுக்கு அலைய நேரலாம். ரசீதையும் தனித்தனியாகக் கொடுங்கள். ஜிபே-யில் பணம் வந்தால், அது எந்த மாத வாடகை அல்லது எத்தனையாவது தவணை என்று அன்றைக்கே எழுத்தில் பதில் அனுப்புங்கள். வாடகை ஒப்பந்தத்தைத் தனியாகப் போட்டு, 2017-ஆம் ஆண்டுத் தமிழக வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யுங்கள்.

"கிரய ஒப்பந்தத்தைப் பதிவே பண்ணலையே, அது செல்லாது" என்று தெம்பாக இருப்பவர்களும் உஷார்! தமிழகத்தில் 2012 திருத்தம் பதிவைக் கட்டாயமாக்கியது உண்மைதான். ஆனாலும் கிரயம் செய்து தரச் சொல்லித் தொடுக்கும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணம் நின்றதும் கோபத்தில் பூட்டுப் போடுவது, சாமானை வெளியே வைப்பது, கரண்டையும் தண்ணீரையும் நிறுத்துவது எல்லாம் கூடவே கூடாது. சட்டத்தின் வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமலே சாவி அவர் கைக்குத் திரும்பும்.

முதல் வேலை வக்கீல் நோட்டீஸ். வாடகை பாக்கி எவ்வளவு, கிரய பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வாடகை உறவு தொடர்கிறது என்றால், இரண்டு மாத பாக்கியை நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கட்டாதவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அவர் கிரயம் கேட்டு வழக்குப் போட்டால், மீதித் தொகையைக் கொடுக்கத் தயாராக இருந்தேன் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பதால், உங்கள் நோட்டீஸுக்குப் பதில் வராமல் போனால் அதுவும் உங்களுக்குப் பலம்.

அட்வான்ஸ் முழுவதும் நமக்கே என்ற நினைப்பும் ஆபத்து. உறுதித்தொகை என்று எழுதி வாங்கியதைத்தான் பிடித்துக்கொள்ள வழியுண்டு. விலையின் பகுதியாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டிவரும்.

கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இன்றைக்கே அந்த ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். வாடகை உறவு தொடரும் என்ற வரி அதில் இல்லையென்றால், குடியிருப்பவர் பணம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கும்போதே துணை ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.