கெட்டில்பெல்: ஒரே இரும்பு, எதிரெதிர் வழிகள்

நெல் விளையும் ஊரில் தராசு இருக்கும். தராசு இருந்தால் எடைக்கல்லும் இருக்கும். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போய், நிலாவெளியையும் குச்சவெளியையும் தாண்டினால் வருகிற திரியாய் அப்படியோர் ஊர். அங்குள்ள குன்றின் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில் வெட்டப்பட்ட பழங்கல்வெட்டு ஒன்று வணிகர் குழுக்களைப் பற்றிச் சொல்கிறது. வயலும் வணிகமும் அவ்வளவு காலமாக அந்த மண்ணில் உண்டு. தானியம் நிறுக்கும் எந்த ஊரிலும், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் எடைக்கல்லைத் தூக்கிப் பலம் பார்ப்பது இளைஞர்களுக்கு இயல்பான விளையாட்டு. ரஷ்யாவில் அந்த விளையாட்டு ஒரு தனிப் பயிற்சிமுறையாக வளர்ந்தது. இன்று உலகெங்கும் உடற்பயிற்சிக் கூடங்களின் மூலையில் வரிசையாக நிற்கும் கெட்டில்பெல் அந்த எடைக்கல்லின் வாரிசு.

அடியில் தட்டையாக்கிய இரும்புக் குண்டு, அதன் தலையில் தடித்த வளைவுக் கைப்பிடி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய பூட்டுப் போல இருக்கும். ரஷ்யர்கள் இதைக் கீர்யா என்கிறார்கள். பழைய ரஷ்யாவில் நிறுத்தலளவை ‘பூட்’. ஒரு பூட் 16.38 கிலோ. நம்மவர்கள் கணக்குப் பார்க்கும் ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ என்பதால், ஒரு பூட் அதைவிடச் சற்றுக் குறைவு. இன்றைக்கும் கெட்டில்பெல்லின் முக்கிய எடைகள் 16, 24, 32 கிலோ என்று எட்டு எட்டாக ஏறுவது இதனால்தான்: ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட்.

சந்தைப் பொருளைப் பயிற்சிக் கருவியாக மதித்தவர்களில் முதன்மையானவர் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி என்ற மருத்துவர். 1885இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பளுதூக்குவோருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கி, உடலை அளந்து, குறித்து, ஒழுங்காகப் பயிற்றுவித்தார். மல்யுத்த உலகில் பெரும்பெயர் பெற்ற ஜோர்ஜ் ஹாக்கன்ஷ்மிட் அவரிடம் பயின்றவர். அந்தத் தலைமுறையின் இன்னொரு மல்லர் இவான் பொட்டுப்னியின் கதை துறைமுக மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. கிராமத்துப் பிள்ளையான அவர் பிழைப்புத் தேடிக் கருங்கடல் கரைக்கு வந்து, செவஸ்டபோல், ஃபியோடோசியா துறைமுகங்களில் மூட்டை சுமந்தார். அங்கிருந்துதான் சர்க்கஸ் மேடைக்கும், மல்யுத்த வெற்றிகளுக்கும் போனார். அவருடைய பலத்தின் அடித்தளம் கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான பலகையில் போடப்பட்டது.

இந்தக் கருவியின் சூட்சுமம் முழுவதும் ஓரிடத்தில் இருக்கிறது. சாதாரணக் கைப்பளுவான டம்பெல்லைப் பிடித்தால் அதன் எடையின் மையம் உங்கள் உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும். கெட்டில்பெல்லில் அந்த மையம் கைக்கு வெளியே, பிடிக்குக் கீழே தொங்குகிறது. அதனால் அதை ஆட்டலாம். கால்களுக்கு இடையே பின்னுக்கு விட்டு, இடுப்பை நிமிர்த்தி முன்னுக்கு வீசினால், குண்டு ஊசலாக மாறிவிடும். ஸ்விங் எனப்படும் இந்த அசைவே எல்லாப் பாணிகளுக்கும் தாய்.

ஊசலான பிறகு அதன் எடை, முத்திரையில் இருக்கும் எண்ணோடு நிற்பதில்லை. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். தோளிலிருந்து குண்டின் நடுவரை 90 சென்ரிமீற்றர் என்றும், குண்டு வளைவின் அடியைக் கடக்கும் வேகம் விநாடிக்கு 3 மீற்றர் என்றும் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் 10 வருகிறது. இது புவியீர்ப்பு முடுக்கத்துக்கு ஏறக்குறையச் சமம். அதாவது அந்தக் கணத்தில் 16 கிலோ குண்டு உங்கள் விரல்களையும் முதுகையும் 32 கிலோவாக இழுக்கிறது. வேகம் கூடினால் இழுவை இன்னும் கூடும். சிறிய குண்டொன்று பெரிய ஆளையும் மூச்சு வாங்க வைப்பது இதனால்தான். தவறாக ஆட்டுபவரின் முதுகைப் பதம் பார்ப்பதும் இதே கணக்குத்தான்.

அதே இரும்பை வைத்துக்கொண்டு இரண்டு முகாம்கள் நேரெதிரான காரியத்தைச் செய்கின்றன. ஒன்று சக்தியைக் கொட்டுகிறது, மற்றது சேமிக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் காணொளி பார்த்துப் பழகுபவர்கள் ஒருவரின் மூச்சையும் மற்றவரின் அசைவையும் கலந்துகொண்டு குழம்புகிறார்கள்.

கொட்டும் முகாமுக்கு ஹார்ட்ஸ்டைல் என்று பெயர். மின்ஸ்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பாவெல் ட்சட்சூலின் இதைப் பரப்பியவர். 1998இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு அங்கே ஆர்வம் கிளம்பி, 2001இல் கெட்டில்பெல் வார்ப்பும் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பும் தொடங்கின. 2012இல் அவர் ஸ்ட்ரோங்ஃபேர்ஸ்ட் என்ற தனி அமைப்பை நிறுவினார். இந்தப் பாணியில் ஒவ்வொரு ஸ்விங்கும் முழுப் பலத்தோடு போடும் ஒரு குத்து. குண்டு மேலே வரும்போது மூச்சைச் ‘சுக்’கென்று வெட்டி வெளியேற்றி, வயிறு, பிட்டம், தொடை எல்லாவற்றையும் ஒரு கணம் கல்லாக இறுக்க வேண்டும். பத்துத் தடவை ஆட்டி, இறக்கி வைத்து, ஓய்வெடுத்து, மறுபடி பத்து. முழங்கால் கொஞ்சம்தான் மடியும். மடிப்பு இடுப்பில் நிகழ வேண்டும். இந்த முகாமின் பெயர்பெற்ற சோதனைகளில் ஒன்று, 24 கிலோ குண்டை ஐந்து நிமிடத்துக்குள் 100 தடவை தலைக்கு மேல் ஒரே இழுப்பில் கொண்டுபோவது. ஸ்னாட்ச் என்று அதற்குப் பெயர்.

ஸ்விங்குக்குத் துணையாக இவர்கள் வைத்திருக்கும் இன்னொரு அசைவு டர்கிஷ் கெட்-அப். மல்லாந்து படுத்து, ஒரு கையில் குண்டை வானத்தை நோக்கிப் பிடித்தபடியே முழங்கையூன்றி, உட்கார்ந்து, முழந்தாளிட்டு, எழுந்து நின்று, வந்த வழியே திரும்பிப் படுக்க வேண்டும். அவசரமே கூடாது. தோள் தளர்ந்த நடுவயதினருக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் அறியேன். குண்டுக்குப் பதிலாக மூடிய கைமுட்டியின் மேல் ஒரு செருப்பை நிறுத்திப் பழகத் தொடங்கலாம். செருப்பு விழாமல் எழத் தெரிந்தபின் இரும்பைத் தொட்டால் போதும்.

சேமிக்கும் முகாம், கெட்டில்பெல்லை விளையாட்டாக ஆடுபவர்கள். சோவியத் ஒன்றியத்தில் இது முறையான விதிகளோடு தேசியப் போட்டியானது 1985இல். முதல் சம்பியன்ஷிப் லிபெட்ஸ்க் நகரில் நடந்தது. விதி எளிமையானது, கொடுமையானதும்கூட: பத்து நிமிடம், குண்டைக் கீழே வைக்கக்கூடாது. இரண்டு குண்டுகளை மார்பிலிருந்து தலைக்கு மேல் உந்துவது ஜேர்க். ஒரு குண்டோடு, கையை ஒரே தடவை மாற்றிக்கொண்டு செய்வது ஸ்னாட்ச். இரண்டு குண்டுகளையும் ஒவ்வொரு முறையும் தொடைகளுக்கு இடையே இறக்கி, மார்புக்கு ஏற்றி, மேலே உந்துவது லோங் சைக்கிள். தேர்ந்த வீரர்கள் 32 கிலோ குண்டுகள் இரண்டைப் பத்து நிமிடத்தில் 150 தடவைக்கு மேல் உந்தியிருக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு தடவையும் 64 கிலோ, மொத்தம் 9,600 கிலோ. ஒரு லொறிச் சுமை.

அவ்வளவையும் இறுக்கத்தோடு செய்ய எந்த மனிதனாலும் முடியாது. ஆகவே இந்த வீரர் எங்கெல்லாம் தளர முடியுமோ அங்கெல்லாம் தளர்கிறார். மார்பில் குண்டு இருக்கும் நிலையில் முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றிக்கொள்கிறார். எடை கைத்தசையில் நிற்காமல், எலும்பு வழியே காலுக்கும் தரைக்கும் போய்விடுகிறது. அந்த இரண்டு மூச்சு நேரத்தில் கை ஓய்வெடுக்கிறது. உடல் மடியும்போது மூச்சு வெளியே, நிமிரும்போது உள்ளே. விரல்களை மடக்கிப் பிடிக்காமல் கொக்கி போல மாட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு அசைவிலும் ஒரு துளியை மிச்சம் பிடித்துப் பத்தாவது நிமிடத்துக்கு வைக்கிறார்.

இந்த அறிவு நம் கரையோரத்துக்குப் புதிதில்லை. நெல்மூட்டை சுமப்பவர் அதைப் புயத்தில் தாங்குவதில்லை. பிடரிக்கும் தோளுக்கும் நடுவே ஏற்றி, முதுகுத்தண்டு வழியே நிலத்துக்கு அனுப்புகிறார். கரைவலை இழுப்பவர்கள் கையால் இழுப்பதில்லை. உடலைச் சரித்துக் கயிற்றில் தொங்கிக் கால் வைத்துப் பின்னேறுகிறார்கள். நாள் முழுவதும் உழைக்க வேண்டியவரின் உடல் தானாகக் கண்டுபிடித்த சிக்கனம் அது. போட்டி வீரரின் ஆட்டத்தைச் சோம்பல் என்றும் அலங்கோலம் என்றும் சில பயிற்றுநர்கள் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. வேலை செய்யும் மனிதனின் பலம் அந்தப் பாணியில்தான் அப்படியே தெரிகிறது.

மூன்றாவதாக ஒரு வழக்கமும் உண்டு: கிரோஸ்ஃபிட் கூடங்களில் ஸ்விங்கைக் கண்மட்டத்தில் நிறுத்தாமல் இரு கைகளாலும் தலைக்கு மேல் வரை கொண்டுபோவது. ஒரே கைப்பிடியில் இரு கைகளும் நெருங்கிக் கட்டுண்டிருக்கும்போது தோளை முழுவதும் உயர்த்த எல்லோருக்கும் இடம் கிடையாது. குறைகிற அசைவை இடுப்புக்கு மேலுள்ள முதுகு வளைந்து ஈடுசெய்யும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதை விட்டுவிடுவது நல்லது.

முதுகைப் பற்றிக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டுவேர்ட் மக்கில் அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியது. தரையிலிருந்து பாரத்தைத் தூக்கும்போது பொதுவாக மேல் முள்ளெலும்பு கீழுள்ளதன்மேல் முன்னோக்கி நழுவப் பார்க்கும். ஸ்விங்கில் அந்த வெட்டுவிசை எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. பெரும்பாரம் தூக்கப் பழகிய சிலருக்கு லேசான குண்டை ஆட்டும்போது வலி வருவதற்கும், வேறு சிலருக்கு ஸ்விங் முதுகுக்கு இதமாக இருப்பதற்கும் இது ஒரு விளக்கம். மூட்டை சுமந்து பழகிய முதுகு ஸ்விங்கையும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதயத்துக்கும் மூச்சுக்கும் எவ்வளவு பயன் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக லா குரோஸ் வளாகத்தில் 2010இல் பழக்கப்பட்ட பத்துப் பேரை இருபது நிமிடம் ஸ்னாட்ச் செய்ய வைத்து அளந்தார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 கிலோகலோரி எரிந்தது. டென்மார்க்கில் 2011இல் வெளியான இன்னோர் ஆய்வில், வேலையால் கழுத்துவலியும் முதுகுவலியும் வரக்கூடிய தொழில்களில் இருந்த 40 பேர் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம் ஆட்டினார்கள். கழுத்து, தோள், கீழ்முதுகு வலி குறைந்தது. முதுகுத்தசை பலம் பெற்றது. ஆனால் மூச்சுத்திறன் உயரவில்லை. தேர்ந்தவருக்குக் கிடைக்கும் எரிப்பு, லேசான குண்டோடு தொடங்குபவருக்கு உடனே கிடைத்துவிடாது. தொடக்கத்தில் வலி குறைவதையும் முதுகு உறுதிப்படுவதையும் எதிர்பார்க்கலாம்.

நம் மரபில் இதற்கு உறவுகள் இருக்கின்றன. தென் தமிழ்நாட்டு ஊர்களில் பொங்கலன்று தூக்கும் இளவட்டக்கல் தரையிலிருந்து முழங்காலுக்கும் மார்புக்கும் தோளுக்கும் ஏறும் ஒரே பெருமுயற்சி; திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பெண்களும் தூக்குகிறார்கள். கர்லாகட்டை மரத்தால் ஆனது. கெட்டில்பெல்லைப் போலவே அதன் எடையும் கைக்கு வெளியே இருக்கிறது. அதனால் சுழற்றினால் தோளையும் மணிக்கட்டையும் பிடித்து இழுக்கும். இந்தியாவில் இதைக் கண்ட ஆங்கிலேயப் படையினர் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதல் ஒரு விளையாட்டாகவே இடம்பெற்றது. கல் ஒரே தடவையில் முழுப்பலத்தைக் கேட்கிறது. கட்டை மூட்டுகளுக்கு எண்ணெய் விடுகிறது. கெட்டில்பெல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால், இரண்டும் தெரிந்த சிலம்ப வாத்தியாரிடம் இதைக் கொடுத்தால் விரைவில் கைவசப்படுத்திவிடுவார் என்பது என் நம்பிக்கை.

எதிலிருந்து தொடங்குவது? விளையாட்டுப் பாணி என் மனதுக்கு நெருக்கமென்றாலும், ஹார்ட்ஸ்டைலில் தொடங்கச் சொல்வேன். தளர்வதற்கு முன் இறுகத் தெரிய வேண்டும். களைத்த பின்னும் ஆட்டிக்கொண்டே இருப்பதைவிடப் பத்தோடு நிறுத்துவது முதுகுக்குக் காப்பு. சுவருக்கு ஓரடி முன்னால் முதுகுகாட்டி நின்று, முழங்காலை அதிகம் மடக்காமல், முதுகை நேராக வைத்தபடி பிட்டத்தால் சுவரைத் தொட்டு நிமிருங்கள். இதுதான் இடுப்பு மடிப்பு. குனிந்து நாற்று நட்ட பழக்கம் முதுகை வளைக்கச் சொல்லும். அதை மாற்றச் சில வாரங்கள் கொடுக்க வேண்டும். பிறகு குண்டைக் கணுக்கால்களுக்கு நடுவே வைத்து, அதே மடிப்பில் தூக்கி இறக்குங்கள். இதற்கு மணல் நிரப்பிய வாளிகூடப் போதும். ஆட்டுவதற்கு மட்டும் வாளி வேண்டாம். பிடி கழன்றால் யாருக்காவது காயம் நிச்சயம். முதுகுவலி, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இடம் இறுகிய தரையாக இருக்கட்டும்; கடற்கரை மணலில் கால் புதையும். வெறுங்காலோ தட்டையான அடி உள்ள சப்பாத்தோ நல்லது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் விடியற்காலையைத் தவிர வேறு நேரம் வேண்டாம். வியர்த்த உள்ளங்கையில் குண்டு நழுவும்.

வாங்கும்போது இரண்டு வகை கண்ணில் படும். வார்ப்பிரும்புக் குண்டு எடைக்கேற்பப் பெருக்கும். விலை குறைவு, ஹார்ட்ஸ்டைலுக்குப் போதுமானது. போட்டிக் குண்டு உருக்கால் ஆனது. எட்டுக் கிலோவும் முப்பத்திரண்டு கிலோவும் ஒரே பருமன் என்பதால், எடை கூடினாலும் முன்கையில் அது படியும் இடம் மாறாது. எடையை நிறம் சொல்லும்: 8 இளஞ்சிவப்பு, 12 நீலம், 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. பெண்கள் 8 அல்லது 12, ஆண்கள் 12 அல்லது 16 கிலோவில் தொடங்கலாம். எதை எடுத்தாலும் கைப்பிடியின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பின் பிசிறு இருந்தால் அராவியே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நூறு ஸ்விங்குக்குள் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். கடல் காற்றுள்ள ஊர்களில் பூச்சு இல்லாத இரும்பு சீக்கிரம் துருவேறும். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, குண்டில் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். கைப்பிடியில் மட்டும் எண்ணெய் படக்கூடாது.